லாபிஸ் குழாயும் நான் வெட்டிய இரண்டு வரிகளும்

போன வாரம் ஸ்கூடாயிலிருந்து கவிதா போன் செய்தாள். இணையத்தில் ஒரு தமிழ் இதழை நடத்துகிறவள். நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய நான்கு வருடம் என் எதிர் மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவள். இப்போது அவளுக்கே நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். ஆனாலும் எதையாவது கேட்கும்போது மூச்சுவிடாமல் கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

"ஆன்ட்டி, ஒரு ஹெல்ப் லா. ஒருத்தரு சின்னதா ஒரு கட்டுரை அனுப்பியிருக்காரு. கிண்டல் பக்கத்துல போடவா, வாசகர் கடிதத்துல போடவான்னு தெரியல. கம்ப்யூட்டர்ல போட்டுக் கேட்டா நையாண்டின்னு சொல்லுது. எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு சிரிக்கிறாங்க, பாதிப் பேரு முழிக்கிறாங்க. நீங்க ஒரு ரூல் வச்சிருந்தீங்களே, அத எழுதிக் கொடுங்களேன்."

"வர்ற வாரம் எழுதித் தர்றேன். அதுவரைக்கும் போடாத" என்று சொல்லி போனை வைத்தேன். உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். விதிகள் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. முப்பத்தோரு வருட உத்தியோகம் அரைப் பக்கம்தானா என்று எனக்கே கோபம் வந்தது. மீதி அரைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லாபிஸ் ஊர்ப் பெருமாள் நினைவுக்கு வந்தார். அவரைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். ஆகையால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் பிறந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. குடியிருந்தது ரயில்வே குவார்ட்டர்ஸ். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு ஒரு வருடம் துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வார இதழில், வரும் கடிதங்களைப் பிரித்து வைக்க ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. போனேன், சேர்ந்தேன். சேலை மடித்த கை கடிதம் பிரிக்கத் தொடங்கியது.

ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அலுவலகம். காலை ரயில் வந்து நிற்கும்போது மேசைமேல் இருக்கிற பேனாக்கள் தாமாக உருளும். ஸ்டேசன் காப்பிக்கடையில் ரொட்டி சுடும் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும், பிறகு பத்து மணிவரை யாருக்கும் வேலை ஓடாது. பின்கட்டில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோப்பவர் தங்கராசு அண்ணன். அவர் ஏதாவது படித்துச் சிரித்தால் கீழே சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். இன்றைக்கும் ரொட்டி கருகும் வாசனை வந்தால் எனக்கு இருபது வயது ஆகிவிடுகிறது.

ஆசிரியர் பெயர் அருளப்பன். ரப்பர் தோட்டத்தில் பதினாறு வருடம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்துவிட்டு இதழுக்கு வந்தவர். கால்சட்டை மடிப்பு கலையாது. ஞாயிறு காலை மாதா கோயில் பூசையை விடமாட்டார். கட்டுரையை உட்கார்ந்து படிக்கவே மாட்டார், ஜன்னலோரம் நின்றுகொண்டுதான் படிப்பார். எவ்வளவு வேடிக்கையான எழுத்தாக இருந்தாலும் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைத்தால் கட்டுரை தேறிவிட்டது என்று அர்த்தம். இரண்டு முறை துடைத்தால் அந்த வாரம் அதுதான் முதல் கட்டுரை.

எங்கள் இதழின் கடைசிப் பக்கத்துக்குக் 'கிள்ளுப் பக்கம்' என்று பெயர். வாசகர்கள் எழுதி அனுப்பும் நையாண்டித் துணுக்குகள், கேலிக் கடிதங்கள், அரைப் பக்கக் கதைகள் எல்லாம் அதில் வரும். ஜொகூர் முழுவதும் நிறையப் பேர் இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பித்தார்கள். என் மேசையில் மூன்று தட்டுகள். ஒன்று செய்தி, ஒன்று பாராட்டும் அறிவிப்பும், மூன்றாவது கிள்ளு. எந்தக் கடிதம் எந்தத் தட்டு என்று பிரிப்பதுதான் என் வேலை.

சேர்ந்த முதல் வாரமே குட்டு வாங்கினேன். ஒரு சங்கத் தலைவரைப் பற்றி வந்த கடிதத்தைப் பாராட்டுத் தட்டில் போட்டிருந்தேன். ஆசிரியர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இவரு தலைவர பாராட்டுறாராம்மா?"

"ஆமா சார். நேரம் தவறாதவருன்னு எழுதியிருக்காரே."

"கூட்டம் எத்தன மணிக்கு?"

"ஆறு மணிக்கு சார்."

"தலைவரு?"

"'எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லி, சரியாக எட்டுக்கே வருவார்'னு..." படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வஞ்சப் புகழ்ச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிதத்தை மூன்றாவது தட்டில் போட்டுவிட்டுப் போனார்.

அப்படியே ஒவ்வொன்றாகப் பழகியது. உண்மையைக் குறைத்துச் சொல்லிச் சிரிக்க வைப்பது ஒரு வகை. 'வெள்ளத்தன்று எங்கள் மண்டபத்தில் லேசான ஈரம். நாற்காலிகள் மட்டும் மிதந்தன' என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொன்றின் நடையை இரவல் வாங்குவது வேறொரு வகை. 'காணவில்லை: எங்கள் தாமான் குடியிருப்புக்கு வரும் சாலை. கடைசியாகப் பார்க்கப்பட்டது தேர்தலுக்கு மறுநாள்.' நீளமாகப் பட்டியல் போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் கவிழ்ப்பதும் உண்டு. ஒரு கல்யாணத்துக்கு வந்த பிரமுகர்கள் எல்லாருடைய பெயரும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்ட பிறகு, 'நேரம் இருந்ததால் மணமகன் பெயரும் வாசிக்கப்பட்டது' என்று முடித்திருந்தார் பத்து பகாட் ஊர் ஆசிரியை ஒருவர். அன்று சார் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார்.

இதற்கெல்லாம் அவர் ஒரு முறை வைத்திருந்தார். கிள்ளுத் தட்டில் போகிற ஒவ்வொரு கட்டுரைமேலும் ஒரு துண்டுச் சீட்டைக் குத்தவேண்டும். சீட்டில் மூன்று கேள்விகள். யாரைக் கிள்ளுகிறது? எதைக் கொண்டு கிள்ளுகிறது? கிள்ளப்பட்டவர் படித்தால் ஒரு தடவையாவது தானும் சிரிப்பாரா? மூன்றுக்கும் என் கையெழுத்தில் பதில் இருந்தால்தான் ஜன்னலோரம் போவார். பதிலில் சந்தேகம் இருந்தால் எழுதியவருக்கு ஒரு போஸ்ட்கார்டு போட்டுக் கேட்கவேண்டும். 'தங்கள் எழுத்து கிடைத்தது. இதை எந்தப் பக்கத்தில் எதிர்பார்க்கிறீர்கள்?' அவ்வளவுதான். இந்தப் போஸ்ட்கார்டு எனக்குப் பெரிய தொல்லை. ஜோக்கா இல்லையா என்று எழுதியவனையே கேட்கிற பத்திரிகை உலகத்திலேயே நம்முடையதுதான் என்று தங்கராசு அண்ணனிடம் புலம்புவேன்.

ஒரு முறை நேரிலேயே கேட்டுவிட்டேன். "படிச்சாலே தெரியுதே சார், எதுக்கு கார்டு?"

"பதினாறு வருஷம் தொரைக்கு ரிப்போர்ட் எழுதினேன்மா. 'மழை பெய்தும் ஆட்கள் உற்சாகமாக இருந்தார்கள்'னு. அது கிண்டல்னு தொரைக்கு ஒரு நாளும் தெரியல. எனக்கே ரொம்ப வருஷம் கழிச்சித்தான் தெரிஞ்சிச்சி. எழுதறவனுக்கே தெரியாதது ஒனக்குப் படிச்சோன தெரிஞ்சிருமா?"

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இளமைத் திமிர். எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வருடம் சார் தம் மகளின் பிரசவத்துக்காக இரண்டு வாரம் சிங்கப்பூர் போனார். கிள்ளுப் பக்கத்தை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் நிற்கிற ஜன்னலோரத்தில் நானும் நின்று படித்துப் பார்த்தேன். யாரும் பார்க்காதபோது என்று சொல்லவேண்டும்.

அந்த வாரம் லாபிஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் கிழித்த தாள், குண்டு குண்டான கையெழுத்து. 'நன்றி நவிலல்' என்று தலைப்பு. கீழே 'பெருமாள், ஐந்தாம் லயம்' என்று பெயர். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அச்சில் வந்தது இது:

'எங்கள் லயத்துக்குக் குழாய் வேண்டும் என்று பதினோரு வருடமாகக் கேட்டு வந்தோம். சென்ற மாதம் வந்தது. மானேஜர் அவர்கள் மாலை மரியாதையுடன் வருகை தந்து, தம் திருக்கரத்தால் குழாயைத் திறந்து வைத்தார்கள். மேளம் வாசிக்கப்பட்டது. மூவர் பேசினார்கள். தண்ணீர் நாற்பது நிமிடம் வந்தது. அந்த நாற்பது நிமிடத்தை ஆயுளுக்கும் மறக்கமாட்டோம். அதன் பிறகு தண்ணீர் வரவில்லை. ஆனாலும் குழாய் இருக்கிறது. தினமும் காலையில் நான் அதைத் துடைத்து வைக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் பூ வைக்கிறேன். இத்தகைய குழாயைத் தந்த மானேஜர் அவர்கள் நீடூழி வாழ்க.'

படித்ததும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தேன். என்ன இல்லை இதில்? வஞ்சப் புகழ்ச்சி இருந்தது. அற்பமான ஒன்றைக் கோபுரத்தில் ஏற்றுவது இருந்தது. பதினோரு வருடத்துக்கு நாற்பது நிமிடம் என்ற முரண் இருந்தது. 'ஆனாலும் குழாய் இருக்கிறது' என்ற வாக்கியத்தை எழுத ஒரு மேதை வேண்டும் என்று நினைத்தேன். சீட்டில் மளமளவென்று எழுதினேன். யாரைக் கிள்ளுகிறது? தோட்ட மானேஜரை. எதைக் கொண்டு? வஞ்சப் புகழ்ச்சி, மிகை, முரண், பக்தி நடை. அவரும் சிரிப்பாரா? அசடு வழியச் சிரிப்பார்.

மூலத்தில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. அவை மற்றவற்றோடு சேரவில்லை. 'நீடூழி வாழ்க' என்ற இடத்தில் வாசகர் குபீரென்று சிரிப்பார், அதற்குப் பிறகு இந்த இரண்டு வரியும் வந்து அந்தச் சிரிப்பை அணைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. சிவப்புப் பென்சிலால் வெட்டினேன். சீட்டின் ஓரத்தில், 'கடைசி இரு வரிகள் நீக்கம். கிள்ளு மழுங்குகிறது' என்று குறிப்பும் போட்டேன். போஸ்ட்கார்டு போடவில்லை. சந்தேகம் இருந்தால்தானே போடவேண்டும்? எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

தங்கராசு அண்ணன் அதைக் கோக்கும்போது சிரித்த சிரிப்பில் சைக்கிள் கடைக்காரர் மாடிப்படி ஏறியே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இதழ் வந்தது. திங்களன்று போன் மணி ஓயவில்லை. குளுவாங் சந்தையில் மீன் வெட்டுகிற அக்கா என்னைப் பார்த்ததும், "நாப்பது நிமிசம் தண்ணி வந்திச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், அங்கதத்துக்கு உதாரணமாக இதை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஒரு பெரியவர் மாடியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, கணுக்கால் வரை மடித்த கால்சட்டை, கையில் மடித்த இதழ். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர் என்பது விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. ரயில் பிடித்து வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தார்.

"நாந்தாம்மா பெருமாள். அந்தக் குழாய பத்தி எழுதினது."

நான் எழுந்து கைகூப்பினேன். பெரிய எழுத்தாளரை வரவேற்கிற மாதிரி ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தோட்ட நிர்வாகத்தின் கடிதம். ஓய்வு பெற்ற பிறகும் அவர் லயத்து வீட்டில் தொடர்ந்து குடியிருந்தது நிர்வாகத்தின் தயவில். அந்தத் தயவு மாத முடிவோடு முடிகிறது, வீட்டைக் காலி செய்யவும் என்று இருந்தது.

"தொரைய கிண்டல் பண்ணிட்டேன்னு சொல்றாங்க. கடைக்குப் போனா சிரிக்கிறாங்க. கோயில்ல பூசாரி சிரிக்கிறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க படிச்சவங்க." இதழைப் பிரித்து, என் மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "நான் எழுதினதுல எந்த எடம்மா சிரிப்பு? காட்டுங்க."

எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் சிரிப்பு எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறவள் நான். அந்தத் தாளின்மேல் என் விரலை வைக்க என்னால் முடியவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

பிறகு, "கடைசி ரெண்டு வரியையும் காணோமே" என்றார்.

"எடம் பத்தலங்க ஐயா" என்றேன்.

அது பொய். அந்தப் பொய்யை இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். அவர் அதை நம்பினார். "ஆமா, பேப்பர்ல எடம் கம்மிதான்" என்று தலையாட்டினார்.

நான் எல்லாவற்றையும் சரி செய்வதாக வாக்குக் கொடுத்து, அவரை மூன்று மணி ரயிலுக்கு அனுப்பி வைத்தேன். உடனே உட்கார்ந்து ஒரு விளக்கம் எழுதினேன். 'சென்ற வாரம் வெளியான கட்டுரை கேலி அன்று. திரு. பெருமாள் உண்மையாகவே நன்றியுணர்வுடன் எழுதியுள்ளார். மானேஜர் அவர்கள் போற்றுதலுக்குரியவர். வாசகர்கள் சிரிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.' வெட்டிய வரிகளைப் பற்றி மூச்சு விடவில்லை. அதே கடைசிப் பக்கத்தில், கட்டம் கட்டிப் போட்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒருமுறை சிரித்தவன் காதில் அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் சிரிப்பாகத்தான் விழும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. திங்களன்று வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி. போன வாரத்தைவிட இது பிரமாதம், 'வாசகர்கள் சிரிக்க வேண்டாம்' என்ற வரிக்கு வயிறு வலித்தது, பெருமாள் அடுத்து என்ன எழுதுவார். பத்து மணிக்கு மானேஜரே போன் செய்தார். "ரெண்டாவது தடவையும் என்னை வச்சி வேடிக்கை காட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அன்று மதியம் சார் சிங்கப்பூரிலிருந்து வந்தார். பேரப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. "சீட்டக் கொடு. அவரு கைப்பட எழுதினதையும் கொடு" என்றார். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். சீட்டைப் படித்தார். தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நான் வெட்டிய இரண்டு வரிகளையும் சத்தமாகப் படித்தார்.

'அன்று என் மனைவி அஞ்சலை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாளி தூக்காமல் குளித்தாள். இனி அவளுக்குத் தண்ணீர் வேண்டியதில்லை.'

"இந்தம்மா இப்ப இருக்காங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. இரண்டாவது வரியை நான் என்னவாகப் படித்தேன் என்று இப்போது யோசித்தால் உடம்பு கூசுகிறது. சுவை குறைந்த முடிவு என்றுதான் படித்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் குழாய் சமையலறைக்குள்ளேயே இருந்தது. நான் ஒருநாளும் தண்ணீர் சுமந்தவள் இல்லை. நாற்பது நிமிடம் என்றால் எனக்குச் சிரிப்பு வந்தது. சார் தோட்டத்தில் வளர்ந்தவர்.

"கிண்டல் எழுதறவன் எல்லா வரியையும் ஒரே பக்கம் பாக்க வச்சிதான் எழுதுவான். ஒரு வரி மட்டும் வேற பக்கம் பாத்தா, அங்கதாம்மா ஆளு நிக்கிறான்" என்றார். "நாம அந்த ஆளத்தான் வெட்டிட்டோம்."

நாம் என்றார். நீ என்று சொல்லவில்லை. அதற்காகவே அவரை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

மறுநாள் காலை ரயிலில் இருவரும் லாபிஸ் போனோம். ஜன்னலுக்கு வெளியே ரப்பரும் செம்பனையும் மாறி மாறி ஓடின. ஐந்தாம் லயத்தில் பெருமாளின் வாசலில் அந்தக் குழாயைப் பார்த்தேன். பித்தளைக் குழாய், முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. பக்கத்தில் ஒரு முக்காலி.

பெருமாள்தான் சொன்னார். அஞ்சலை முப்பது வருடம், களை வெட்டும் வெளிக்காட்டு வேலை முடிந்து வந்து, கீழே இருக்கிற கிணற்றிலிருந்து இரண்டு வாளி தூக்கி மேடேறியவர். கடைசி வருடம் படுத்த படுக்கை. பெருமாள்தான் தண்ணீர் கொண்டுவந்து துடைத்துவிடுவார். குழாய் திறந்த அன்று, தானே குளிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். மேளக்காரர்கள் அப்பால் போனதும், பக்கத்து வீட்டுப் பெண்கள் சேலையை மறைப்பாகக் கட்டிக் கொடுக்க, முக்காலியில் உட்கார்ந்து குளித்திருக்கிறார்.

"தண்ணி நிக்கிற வரைக்கும் எந்திரிக்கல. சிரிச்சிக்கிட்டே இருந்தா. அந்த வாரமே போயிட்டா" என்றார். "அதுக்கு நன்றி சொல்லணும்ல? தொரைக்கு நேரா சொல்லத் தெரியல. அதான் பேப்பருக்கு எழுதினேன்."

அங்கிருந்து தோட்ட ஆபீசுக்குப் போனோம். மானேஜர் நம்மவர்தான், அந்தத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. உட்காரச் சொல்லவில்லை. சார் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. பெருமாள் கைப்பட எழுதிய தாளை மேசைமேல் வைத்து, "இத கடைசி வரைக்கும் படிங்க சார்" என்றார்.

மானேஜர் உதட்டை இறுக்கிக்கொண்டு படித்தார். கடைசிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இந்த ரெண்டு வரி பேப்பர்ல இல்லையே?"

சார் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார் வெட்டினேன்" என்றேன். "சிரிப்பு கொறையும்னு வெட்டினேன்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த இரண்டு வரிகளை மறுபடி படித்தார். அதன் பிறகு அவர் முகத்தில் கோபம் இல்லை. வெளியே இருந்த கிராணியைக் கூப்பிட்டார். வீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"அஞ்சாம் லயத்துல தண்ணி ஏன் வரல?" என்று கேட்டார்.

"பம்பு அன்னிக்கே கெட்டுப்போச்சி சார்."

"எனக்கு ஏன் சொல்லல?"

என் பக்கத்தில் நின்ற சார், முன்னாள் கிராணி, தலையைக் குனிந்துகொண்டார். மானேஜர் எங்களைப் பார்த்து, "வீட்டு லெட்டர நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்த ஞாயிறு சார் கட்டுரையை மறுபடி போட்டார். அதே கடைசிப் பக்கம், அதே அளவு எழுத்து, பெருமாள் எழுதியபடியே முழுமையாக. விளக்கம் இல்லை, வருத்தம் இல்லை, கட்டம் இல்லை. இரண்டு வரி மட்டும் கூடுதல். தங்கராசு அண்ணன் அதைக் கோத்தபோது பின்கட்டில் எழுத்துகள் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. திங்களன்று ஒரு போன்கூட வரவில்லை. கடிதமும் வரவில்லை. சந்தையில் மீன் வெட்டுகிற அக்கா நான் கேட்காமலே நல்ல மீனாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெருமாள் அந்த வீட்டிலேயே இருந்தார். தண்ணீர் இரண்டு மாதம் கழித்து வந்தது, காலையில் மட்டும். அதற்கும் ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருந்தார். அதை நான் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் இரண்டாவது தட்டில் போட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் அதன் பிறகு இரண்டு மாற்றம். சீட்டில் நான்காவதாக ஒரு கேள்வி சேர்ந்தது. எந்த வரி சேரவில்லை? போஸ்ட்கார்டு விதியும் மாறியது. சந்தேகம் இருந்தால் போடவேண்டும் என்பது போய், சந்தேகமே இல்லாவிட்டால் கட்டாயம் போடவேண்டும் என்றாயிற்று. சார் காலமாகும்வரை அப்படித்தான் நடந்தது. அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரையும் அப்படித்தான்.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு நேற்று கவிதாவைப் போனில் கூப்பிட்டேன். அந்தக் கட்டுரையைப் படிக்கச் சொன்னேன். ஜொகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை செய்கிற ஒருவர், தினமும் எல்லைப் பாலத்தில் சிக்கிக்கொள்ளும் வாகன நெரிசலைப் புகழ்ந்து எழுதியிருந்தார். பாலமே என் வீடு, வீடு எனக்கு ஓட்டல். பாலத்தில் நின்றே மூன்று மொழி கற்றேன். நெரிசலுக்கு ஒரு சிலை வைக்கவேண்டும், அதையும் பாலத்தின் நடுவிலேயே வைக்கவேண்டும். நன்றாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன். எல்லா வரியும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"அவ்வளவுதானா கவிதா?"

"அவ்வளவுதான் ஆன்ட்டி. கடைசியில ஒரு வரி இருந்திச்சி. அது சேரல. நான் எடுத்துட்டேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை, ஜன்னலோரம் போனேன்.

"அத படி" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் எதையோ தட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு படித்தாள். "'என் மகள் முதன்முதலில் அப்பா என்று சொன்னதையும் நான் இந்தப் பாலத்தின் நடுவில் நின்று, போனில்தான் கேட்டேன்.'"

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆன்ட்டி," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, "அவரு நம்பர் எங்கிட்ட இருக்கு. இப்ப பாலத்துலதான் இருப்பாரு."

"அப்ப போன எடுப்பாரு. கூப்பிடு" என்றேன்.